ஜவ்வாது மலைக்கு ஒரு பயணம்

கோடை விடுமுறை நெருங்கியதும் நம் இல்லங்களில் எழும் முதற்கேள்வி, 'இவ்வாண்டு எங்கே செல்வது?' என்பதுதான். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்னும் மூன்று பெயர்கள் உடனே முன்வைக்கப்படுகின்றன. தங்கும் விடுதிக் கட்டணத்தையும் மக்கள் நெரிசலையும் எண்ணிப் பார்க்கும் குடும்பத்தலைவர், 'அடுத்த ஆண்டு, இன்ஷா அல்லாஹ்' என்று கூறிப் பேச்சை முடித்துவிடுகின்றார். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் ஆகிய ஊர்களில் வாழும் நம் மக்களுக்கோ, காலையில் புறப்பட்டால் நண்பகலுக்குள் சென்று சேரக்கூடிய தொலைவில் ஒரு நெடுமலை நீண்டு கிடக்கின்றது. நாள்தோறும் கண்ணில் படுவதாலேயே கருத்தில் படாமற்போன மலை அது. ஜவ்வாது மலை எனப்படும் அந்த மலையைப் பற்றியே இக்கட்டுரையில் உங்களோடு உரையாட விழைகின்றேன்.

மலையும் அதன் பெயரும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் 32 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. முன்னர் ஒரே வடஆர்க்காடு மாவட்டத்துக்குள் அடங்கியிருந்த இம்மலை, மாவட்டங்கள் பிரிந்த பின்னர் இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கின்றது. மலையின்மேல் ஏறிச் சென்றால் ஒரே கூரிய சிகரத்தைக் காணமாட்டீர்கள். மேடும் பள்ளமுமாக விரிந்த சமவெளி, இடையிடையே சாமை வயல்கள், புளியமரங்கள், பலாமரங்கள், அவற்றின் நடுவே சிறு சிறு ஊர்கள். மலையுச்சியில் ஒரு தனி நாடே குடியிருப்பது போன்ற தோற்றம்!

'ஜவ்வாது' என்றவுடன் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சின்னஞ்சிறு குப்பியில் அடைத்த நறுமணப்பொடிதான் நினைவுக்கு வரும். இலக்கியம் பயின்றோர்க்கோ எமனேசுவரத்தில் வாழ்ந்து, முகியித்தீன் ஆண்டவர் பிள்ளைத்தமிழ் பாடிய சவ்வாதுப் புலவர் நினைவுக்கு வருவார். பெயர் எவ்வழியில் வந்திருப்பினும், மணத்துக்கும் இம்மலைக்கும் நெருங்கிய உறவு உண்டு. சந்தன மரக்காடுகளால் ஒரு காலத்தில் பெரும் புகழ் பெற்றிருந்த மலை இது. இங்கு வெட்டப்பட்ட சந்தனக் கட்டைகளைச் சேர்த்து வைத்து ஏலம் விடும் அரசுக் கிடங்கு திருப்பத்தூரில் அமைந்ததும் அதனாலேயே. இன்று அந்தக் காடு மிகவும் மெலிந்துவிட்டது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்லுகின்றேன்.

இம்மலையின் தென் அடிவாரத்தில் இருப்பது செங்கம். பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றாகிய மலைபடுகடாம், இச்செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னனைப் பாடியது. பெருங்கௌசிகனார் என்னும் புலவர் 583 அடிகளில் பாடிய அந்நூல், பரிசு பெறச் செல்லும் கூத்தர்க்கு வழிகாட்டுவது. எந்த வழியில் செல்வது, எங்கே எச்சரிக்கையாய் இருப்பது, எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், மலைவாழ் மக்கள் வழிப்போக்கரை எவ்வாறு உபசரிப்பர் என்பனவெல்லாம் அதில் விரிவாகப் பேசப்படுகின்றன. தமிழில் எழுந்த மிகப் பழைய பயண வழிகாட்டிகளுள் ஒன்று இப்பகுதிக்காகவே இயற்றப்பட்டது என்பது நமக்குப் பெருமையன்றோ! அந்நூல் பாராட்டும் சேயாறு, செய்யாறு என்னும் பெயரோடு இன்றும் இம்மலையிலிருந்துதான் இறங்கி வருகின்றது.

நம் சமுதாய வரலாற்றை அறிந்தோர்க்கும் செங்கம் புதிய பெயரன்று. 1767ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி ஜோசப் ஸ்மித்தின் படையும் மோதிக்கொண்டது இந்தச் செங்கம் கணவாயில்தான். முதலாம் மைசூர்ப் போரின் தொடக்கக்காலப் போர்களுள் ஒன்று அது.

செல்லும் வழிகள்

மலைக்கு ஏறப் பல வழிகள் உள்ளன. வேலூரிலிருந்து கணியம்பாடி, அமிர்தி வழியாகச் செல்லலாம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஏறலாம். திருவண்ணாமலைப் பக்கத்தினர் போளூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஜமுனாமரத்தூரை அடையலாம். திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்குச் செல்லும் பாதை மலையின் மேற்குப் பகுதியைக் காட்டும். அரசுப் பேருந்துகள் செல்கின்றன. எனினும் நகரப் பேருந்துகளைப் போல அடிக்கடி வாரா. ஆகவே திரும்பும் பேருந்தின் நேரத்தை முதலிலேயே கேட்டறிந்துகொள்வது அறிவுடைமை.

ஒரே நாளில் அனைத்தையும் பார்த்துவிட வேண்டும் என்னும் பேராசை வேண்டாம். ஆலங்காயம் வழியாக ஏறி, ஜமுனாமரத்தூரைப் பார்த்து, காவலூரில் மாலைப்பொழுதைக் கழித்துத் திரும்புவது ஒரு நாள் பயணத்துக்கு ஏற்ற ஒழுங்காகும். அமிர்தியைத் தனியொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அமிர்தி

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், மலையின் வடக்கு அடிவாரத்தில் இருப்பது அமிர்தி வன உயிரியல் பூங்கா. 1967ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இப்பூங்கா 25 எக்டேர் பரப்பில் காட்டோடு காடாக அமைந்துள்ளது. சென்னையையடுத்த வண்டலூர்ப் பூங்காவை மனத்தில் எண்ணிக்கொண்டு செல்வோர்க்கு இது மிகச் சிறிதாகத் தோன்றும். ஆயினும் இளங்குழந்தைகளோடும் முதியோரோடும் செல்லும் குடும்பங்களுக்கு இச்சிறுமையே வசதியாகின்றது. நடந்து களைக்காமல், மரநிழலில் அமர்ந்து, மானையும் மயிலையும் ஆற அமரக் காணலாம். மழை பெய்த மாதங்களில் அருகிலுள்ள சிற்றருவியிலும் நீர் விழும். கோடையில் அருவியை எதிர்பார்த்துச் சென்று ஏமாற வேண்டாம். இம்மலையின் ஓடைகள் யாவும் மழையை நம்பி வாழ்பவை.

ஜமுனாமரத்தூர்

மலைமேலுள்ள ஊர்களுள் முதன்மையானது ஜமுனாமரத்தூர். கடைத்தெரு, அரசு அலுவலகங்கள், பள்ளிகள், மருத்துவமனை யாவும் இங்கே உள்ளன. கோடைக்காலத்தில் அரசு நடத்தும் கோடைவிழாவும் இங்குதான் நிகழும். ஊரையொட்டிக் கோலப்பன் ஏரி இருக்கின்றது. அதில் படகுச் சவாரி உண்டு. கரையில் சிறுவர் விளையாடப் பூங்காவும் உண்டு. ஊட்டி ஏரியின் ஆரவாரம் இங்கே இல்லை. பெண்களும் குழந்தைகளும் கூச்சமின்றிச் சற்றுநேரம் அமர்ந்திருக்கத்தக்க அமைதி இருக்கின்றது.

ஊரிலிருந்து சிறிது தொலைவில் பீமன் மடவு அருவி உள்ளது. வடகிழக்குப் பருவமழை பெய்தபின், கார்த்திகை, மார்கழி மாதங்களில் செல்வோர் அதன் முழு அழகையும் காண்பர். பாறைகள் வழுக்கும்; ஆழம் தெரியாத மடுக்களும் உண்டு. 'மடவு' என்னும் பெயரே அதைத்தானே எச்சரிக்கின்றது! இளைஞர்கள் துணிச்சலைக் காட்டும் இடமாக அருவியைக் கொள்ளலாகாது. தன் கையாலேயே தன்னை அழிவில் தள்ளிக்கொள்வதை நம் மார்க்கம் தடுத்திருக்கின்றது என்பதை அவர்களுக்கு அன்போடு நினைவூட்டுங்கள்.

வரலாற்றில் நாட்டமுடையோர் கீழ்ச்சேப்பிளி ஊரருகே உள்ள 'குள்ளர் குகை'களைத் தவறாமல் காண வேண்டும். பெரிய கற்பலகைகளை நான்கு புறமும் நிறுத்தி, மேலே மற்றொரு பலகையை மூடி, ஒருபுறத்தில் வட்டமான துளையிட்டு அமைத்த சிறு கல்லறைகள் அங்கே கூட்டங்கூட்டமாக உள்ளன. இத்துணைச் சிறிய வீட்டில் குள்ளர்கள்தாம் குடியிருந்திருக்க வேண்டும் என்று ஊரார் கூறுவர். தொல்லியல் அறிஞர்களோ, இவை பெருங்கற்காலத்து மக்கள் தம்முள் இறந்தோர்க்கு எழுப்பிய நினைவிடங்கள் என்பர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. எழுத்து இல்லை, பெயர் இல்லை. யாருக்காக யார் இந்தக் கல்லைச் சுமந்து வந்தார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆயினும் இறந்தவரை மதித்து அடக்கம் செய்த அன்பு மட்டும் கல்லாய் நிற்கின்றது. கப்றுகளைக் காண்பது மறுமையை நினைவூட்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதன் பொருள் இங்கே நன்கு விளங்கும். அக்கற்களின்மேல் ஏறி நிற்பதும், பெயர்களைக் கிறுக்குவதும் நமக்குத் தகாதவை.

காவலூர் வானாய்வகம்

இனி, இம்மலையின் மணிமகுடத்துக்கு வருவோம். ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் சாலையில், கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் காவலூர் உள்ளது. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைச் சார்ந்த வைணு பாப்பு வானாய்வகம் இங்குதான் அமைந்திருக்கின்றது.

1927ஆம் ஆண்டு பிறந்த வைணு பாப்புவின் இளமை ஐதராபாத்தில் கழிந்தது. அவருடைய தந்தையார் அங்குள்ள நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். அந்த வானாய்வகத்துக்கு 1901ஆம் ஆண்டளவில் வித்திட்டவர் நவாப் ஜஃபர் ஜங் என்னும் ஐதராபாத் பிரபு. தம் சொந்தச் செலவில் இங்கிலாந்திலிருந்து தொலைநோக்கியை வரவழைத்த அச்செல்வரின் ஆர்வம், பிற்காலத்தில் ஓர் இந்து இளைஞரின் உள்ளத்தில் வானியல் வேட்கையாய் முளைத்தது! அறிவுக்குச் செய்யும் கொடை எங்கே, எவர் கையில் கனியாகும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். 1949இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் பயின்றபோது பாப்பு ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். அது அவர் பெயரையும் சேர்த்தே இன்று அழைக்கப்படுகின்றது. தாயகம் திரும்பிய அவர், 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பேற்றார்.

இரவு வானத்தை ஆராயத் தக்க இடத்தைத் தேடிய பாப்பு இறுதியில் தேர்ந்தெடுத்த இடம் காவலூர். நகர விளக்குகளின் ஒளி எட்டாத இருள், தூசியற்ற காற்று, நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் வட வானத்தையும் தென் வானத்தின் பெரும்பகுதியையும் ஒருங்கே காணும் வாய்ப்பு ஆகிய மூன்றும் இவ்விடத்தில் பொருந்தியிருந்தன. 1968இல் 38 செண்டிமீட்டர் தொலைநோக்கியோடு பணி தொடங்கிற்று. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டில், வியாழன் கோளின் துணைக்கோளாகிய கனிமீடைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான அறிகுறி இங்கு பதிவாயிற்று. பின்னர் 2.34 மீட்டர் விட்டமுடைய பெருந்தொலைநோக்கியை முற்றிலும் நம் நாட்டிலேயே உருவாக்கும் முயற்சியில் பாப்பு இறங்கினார். ஏழரை அடிக்கும் அதிகமான அகலமுடைய அந்த ஆடி முழுமையடைந்து விண்மீனைக் காட்டிய நாளைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. 1982ஆம் ஆண்டு அவர் காலமானார். 1986 ஜனவரி 6ஆம் நாள், அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி அவர்கள் அந்த வானாய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் பாப்புவின் பெயரையே சூட்டினார். 1988ஆம் ஆண்டு இங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் இடப்பட்டது. உத்தரகண்டில் 2016ஆம் ஆண்டு 3.6 மீட்டர் தொலைநோக்கி தொடங்கப்பட்டபின் காவலூரின் அளவுச் சிறப்பு இரண்டாமிடத்துக்குச் சென்றதாயினும், அதன் வரலாற்றுச் சிறப்பு குறைந்துவிடவில்லை.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை இங்கே அனுமதிப்பது வழக்கம். பகலில் பெரிய தொலைநோக்கியின் கூண்டைப் பார்க்கலாம். தெளிந்த வானமுள்ள மாதங்களில் இரவில் சிறு தொலைநோக்கி வழியாக நிலவையோ கோளையோ காட்டுவர். மேகம் சூழ்ந்தால் வாய்ப்பில்லை. ஆகவே புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நலம்.

எங்கள் மதரசா மாணவர்களை ஒரு ஜனவரி மாதச் சனிக்கிழமை அங்கே அழைத்துச் சென்றேன். இருட்டியபின் வெளியே நின்றபோது, வழிகாட்டிய அலுவலர் ஓரியன் மண்டலத்தைக் காட்டி, 'அதோ, அதன் காலடியில் மின்னும் வெண்மீனுக்கு ரைஜல் என்று பெயர்' என்றார். மாணவர்களிடையே ஒரு சலசலப்பு! 'ஹஜ்ரத், ரிஜ்ல் என்றால் கால் அல்லவா?' என்று ஒருவன் கேட்டான். அலுவலரும் வியந்து சிரித்தார். ரோகிணி என நம் முன்னோர் அழைத்த மீனை உலகம் 'அல்தெபரான்' என்கின்றது. அது 'பின்தொடர்வது' எனப் பொருள்படும் அத்தபரான் என்னும் அரபுச் சொல்லே. திருவாதிரை மீனின் மேலைநாட்டுப் பெயரும் அரபு மொழியிலிருந்து திரிந்ததே. அன்று மாலைவரை 'ஸர்ஃப்' பாடத்தின் வினைவடிவங்களாக மட்டுமே அரபியை அறிந்திருந்த அந்தச் சிறுவர்கள், வானமே அம்மொழியில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டனர். வியாழனின் நான்கு நிலாக்களைத் தொலைநோக்கியில் பார்த்த ஒரு மாணவன் 'சுப்ஹானல்லாஹ்' என்று கூறிவிட்டு நகரவே மறுத்தான். அவனுக்கு மறுமுறையும் பார்க்க இடங்கொடுத்த அலுவலருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக!

இதில் வியப்பதற்கு என்ன இருக்கின்றது? தொழுகை நேரமும், கிப்லாவின் திசையும், பிறைக் கணக்கும் நம்மை வானத்தோடு பிணைத்திருக்கின்றன. அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964ஆம் ஆண்டளவில் விண்மீன்களைப் பற்றி நூல் எழுதினார். சமர்கந்தில் உலுக் பேக் பதினைந்தாம் நூற்றாண்டில் பெரும் வானாய்வகம் எழுப்பினார். அங்கே பணியாற்றிய காழீ ஜாதா ரூமீ எழுதிய 'ஷரஹ் சக்மீனீ' என்னும் வானியல் உரைநூல், ஒரு காலத்தில் நம் மதரசாக்களின் பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது. பின்னர் 'ஹைஅத்' என்னும் அப்பாடம் மெல்ல மெல்ல ஒதுக்கப்பட்டது. நூலை மீண்டும் பாடமாக்குவது பெரியோர் கூடி முடிவு செய்ய வேண்டியது. ஆனால் மாணவர்களை ஒருநாள் காவலூருக்கு அழைத்துச் செல்ல எந்தத் தீர்மானமும் தேவையில்லை; ஒரு வாகனமும், சில போர்வைகளும், பொறுப்புள்ள இரண்டு ஆசிரியர்களும் போதும்.

மலையின் மக்கள்

மலையைப் பார்த்துவிட்டு அதன் மக்களைப் பாராமல் திரும்புவது வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரருக்கு ஸலாம் சொல்லாமல் வருவதை ஒக்கும். இங்கு வாழும் பழங்குடியினர் 'மலையாளிகள்' எனப்படுவர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்வோர் என்பதே பெயரின் பொருள். தமிழே பேசுவர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்று கூறும் மரபு அவர்களிடம் உண்டு. சாமை, கேழ்வரகு, தினை பயிரிடுதல், தேன், புளி, கடுக்காய் ஆகியவற்றைச் சேகரித்தல் ஆகியவை அவர்களது தொழில்கள்.

சந்தனம் மெலிந்த கதையை இப்போது சொல்லிவிடுகின்றேன். மலைமேல் நின்ற மரத்தின் விலையைக் கீழே இருந்த வணிகர்தாம் அறிந்திருந்தனர். வெட்டியவனுக்குக் கிடைத்தது நாட்கூலி. காடு அழிந்தபின்னரும் அந்த உறவு மாறவில்லை. கோடாரி பிடிக்கத் தெரிந்த ஏழை இளைஞர்களை இடைத்தரகர்கள் ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டுக்குச் செம்மரம் வெட்ட அழைத்துச் சென்றனர். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அக்காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டதில் 20 பேர் உயிரிழந்தனர். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைப்பகுதிகளைச் சேர்ந்தோர் அவர்களுள் பலர். ஜவ்வாது மலையினரும் இருந்தனர். மரம் வெட்டச் சொன்னவனின் பெயரும், வாங்கி விற்றவனின் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை.

இம்மலைக்கு மற்றொரு முகமும் உண்டு. 2024ஆம் ஆண்டு, இம்மலைப்பகுதியின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் 23 வயதுப் பழங்குடிப் பெண் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றிபெற்றார். மகப்பேறு முடிந்த இரண்டாம் நாளில் நெடுந்தொலைவு பயணம் செய்து தேர்வெழுதியவர் அவர். நம் பெண்பிள்ளைகளின் படிப்பைத் திருமணப் பேச்சு வந்ததும் நிறுத்திவிடும் பெற்றோர், அந்தப் பெண்மணியின் வரலாற்றைத் தம் மகளுக்கு அருகில் அமர்ந்து படித்துக் காட்டட்டும்.

நாம் பட்ட கடன்

பாலாற்றங்கரை ஊர்களில் வாழும் நாம் இம்மலைக்குக் கடன்பட்டவர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஊர்களின் தோல் தொழிலால் பள்ளிவாசல்கள் எழுந்தன; மதரசாக்களும் கல்லூரிகளும் வளர்ந்தன. அத்தொழிலின் தொடக்கக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே தோலைப் பதப்படுத்தின. கடுக்காய் மலைக்காட்டின் விளைபொருள். தொழிலுக்கு வேண்டிய நீரோ, மலை மழை ஓடையாகி, ஆறாகி, மணலுக்கடியில் ஊறித் தந்த நீர். ஜவ்வாது மலையின் வடசரிவு நீர் பாலாற்றுக்கு இறங்குகின்றது. தென்சரிவிலிருந்து வரும் செய்யாறு செங்கத்தைத் தொட்டு, நெடுந்தொலைவு ஓடித் திருமுக்கூடலில் அதே பாலாற்றோடு கலக்கின்றது. செங்கத்தையடுத்த குப்பநத்தம் அணையும், படவேட்டையடுத்த செண்பகத்தோப்பு அணையும் தேக்கி வைப்பது இம்மலையின் நீரையே.

அந்நீருக்கு நாம் செய்தது என்ன? மரப்பட்டையின் இடத்தைக் குரோமிய இரசாயனம் பிடித்தபின், கழிவுநீர் ஆற்றிலும் நிலத்திலும் விடப்பட்டது. கிணறுகள் உவர்த்தன, வயல்கள் பாழாயின. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டி, தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் அனைவரும் கற்கும் தீர்ப்பு அது. அத்தொழிற்சாலைகளுள் பல நம்மவருடையவை. ஓடும் ஆற்றின் கரையில் ஒளூச் செய்தாலும் நீரை விரயம் செய்யாதே என்று போதிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், அந்த ஆற்றையே எவ்வாறு வைத்தோம் என்பதை மலைமேல் நின்று, தெளிந்த ஓடையில் முகம் கழுவும்போதாவது எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பேரக்குழந்தைகள் அந்தத் தெளிந்த நீரைக் காண மலையேறி வரும் நிலை, நாம் பெருமைப்படத்தக்கதன்று.

பயணம் செய்வோர்க்குச் சில சொற்கள்

முதலாவது, உணவு. ஜமுனாமரத்தூரில் எளிய உணவகங்கள் உள்ளன. எனினும் ஹலால் பேணும் குடும்பங்கள் மதிய உணவைக் கட்டிச் செல்வதே எளிது. கொண்டுசென்ற நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் ஒன்றுவிடாமல் திருப்பிக் கொண்டு வாருங்கள். மக்கள் நடக்கும் வழியையும், இளைப்பாறும் நிழலையும், நீர்த்துறையையும் அசுத்தப்படுத்துவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்துத் தடுத்துள்ளார்கள். மலையில் இம்மூன்றும் ஒரே இடத்தில் அமைந்திருக்கின்றன!

இரண்டாவது, தொழுகை. விரிப்பு ஒன்றை உடன் எடுத்துச் செல்லுங்கள். இங்கே கிப்லா, மேற்கிலிருந்து சற்றே வடக்கு நோக்கியது. தொலைவிலிருந்து வருவோர் கஸ்ருச் சலுகை தமக்கு உண்டா என்பதைத் தத்தம் மத்ஹபின்படி உலமாக்களிடம் முன்னரே கேட்டறிந்துகொள்க. ஜும்ஆவை ஊரில் முடித்துச் சனிக்கிழமை புறப்பட்டால் காவலூரையும் காணலாம்.

மூன்றாவது, மலைமக்களோடு நடந்துகொள்ளும் முறை. பிறர் வீட்டில் அனுமதி கேட்டு நுழையுமாறு திருக்குர்ஆன் நமக்குக் கட்டளையிட்டுள்ளது. மண்சுவர் வீடும் வீடுதான். கதவில்லா முற்றமும் முற்றந்தான். கேட்காமல் எட்டிப் பார்ப்பதும், வயலில் குனிந்து நிற்கும் பெண்களைப் படமெடுப்பதும் நம் ஒழுக்கத்துக்கு இழுக்கு. தேனும் சாமை அரிசியும் வாங்க விரும்பினால், பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்திலோ, விளைவித்தவரிடமோ நேரடியாக வாங்குங்கள். சாலையோரத்தில் பலாப்பழம் வைத்து விற்கும் மூதாட்டியிடம் பத்து ரூபாய்க்காகப் பேரம் பேசாதீர்கள். ஊட்டி விடுதியில் கேட்ட தொகையை மறுபேச்சின்றிக் கொடுத்தவர்கள்தாமே நாம்!

நான்காவது, காவலூரின் இருள். மலைமேல் இரவில் தங்குவோர் வேண்டாத விளக்குகளை அணைத்துவிடுங்கள். சுற்றுவட்டார ஊர்களின் மின்னொளி பெருகப் பெருக வானாய்வு இடர்ப்படுகின்றது. இருளும் அல்லாஹ் அளித்த அருட்கொடைதான் என்பதை விண்மீன்கள் நிறைந்த வானத்தின் கீழ் நிற்பவர் உணர்வர்.

பூமியில் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு இறைமறை நம்மைப் பலமுறை தூண்டுகின்றது. அதற்கு நெடுந்தொலைவும் பெருஞ்செலவும் தேவையில்லை. மார்கழிக் குளிர் தொடங்கும் முன், உங்கள் மஹல்லாவின் மதரசாப் பிள்ளைகளையும் ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலையில் ஆலங்காயம் சாலையில் புறப்படுங்கள். அவர்களுள் ஒரு பிள்ளை வானத்தைக் கற்கவும், மற்றொரு பிள்ளை ஆற்றைக் காக்கவும் உறுதி பூண்டு திரும்புமாயின் அப்பயணம் பயனுடையதே. அதற்கு வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக! ஆமீன்.